துடைத்தால் தீருமா நோய்?

ரத்தத்தில் மிதக்கும் வேண்டாத மூலக்கூறுகளை நானோ துகள்களால் அள்ளி எடுக்கும் சிகிச்சை நம்பிக்கை தருகிறது. ஆனால் எது குப்பை என்று தீர்மானிப்பதில்தான் சிக்கல்.

2024 பிப்ரவரியில் மும்பையிலிருந்து வந்த ஒரு செய்தி, நாடு முழுவதும் புற்றுநோயாளிகளின் குடும்பங்களில் சலசலப்பை உண்டாக்கியது. டாடா நினைவு மையத்தின் விஞ்ஞானிகள் ஒரு மாத்திரையை உருவாக்கியிருக்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகு புற்றுநோய் திரும்பி வராமல் அது தடுக்கும். விலை வெறும் 100 ரூபாய். ஒரு ஊசிக்கே லட்ச ரூபாய் கேட்கும் மருந்துகள் இருக்கும் காலத்தில் இதைக் கேட்டுப் பரபரப்பு அடையாதவர்கள் இருக்க முடியாது. எலிகளிடம் கண்டதை மனிதர்களுக்குச் சொல்வது அவசரம் என்று மற்ற மருத்துவர்களிடமிருந்து கண்டனமும் எழுந்தது.

இந்தச் சந்தடியில், மாத்திரைக்குப் பின்னால் இருந்த யோசனை யார் காதிலும் சரியாக விழவில்லை. புற்றுநோய் செல்லைக் கொல்வது அந்த மாத்திரையின் வேலையே இல்லை. செத்துப்போன செல்கள் விட்டுச் செல்லும் குப்பையைப் பெருக்கித் தள்ளுவதுதான் அதன் வேலை. உடலுக்குள் ஏதோ ஒன்றைச் செலுத்திக் குணப்படுத்துவது மருத்துவத்தின் வழக்கம். உடலில் இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டுக் குணப்படுத்த முடியுமா என்பது இந்த விஞ்ஞானிகளின் கேள்வி. கடந்த 15 ஆண்டுகளாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. அவற்றில் பல கையில் எடுத்திருக்கும் துடைப்பம், நானோ துகள்.

முதலில் குப்பையைப் பார்ப்போம். மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் செத்து, அவற்றின் இடத்துக்குப் புதியவை வருகின்றன. இவற்றில் பெரும்பகுதி உட்கரு இல்லாத சிவப்பணுக்கள். ஆனால் உட்கரு உள்ள செல் ஒவ்வொன்றிலும், நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் வரும் டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கிறது. செல் சாகும்போது அந்த இழை துண்டு துண்டாகிறது. சாதாரண நாட்களில் இந்தத் துண்டுகள் வெளியே தெரிவதில்லை. விழுங்கும் செல்கள் பிணங்களை அப்படியே தின்றுவிடுகின்றன. தப்பியவற்றை ரத்தத்தில் உள்ள நொதிகள் வெட்டிப் போடுகின்றன.

பெரிய காயம், கடுமையான தொற்று, கீமோதெரபி போன்ற நேரங்களில் இந்தத் துப்புரவுப் பணி திணறுகிறது. செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாக, டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் மிதக்கின்றன. உடலின் பாதுகாப்புப் படைக்கு இது தவறான தகவலாகப் போய்ச் சேருகிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்-9 என்ற உணர்வியை 2000-ம் ஆண்டில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிஸுவோ அகிராவின் குழு அடையாளம் கண்டது. சொந்த டி.என்.ஏ.வைக் கண்டு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, இந்தக் காவலாளியை இயற்கை செல்லின் உள்ளறையில் உட்கார வைத்திருக்கிறது. ஆனால் சொந்த டி.என்.ஏ. துண்டுகளே புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உள்ளறை வரை போய்விட்டால், காவலாளி விசில் ஊதிவிடுகிறார். படை கிளம்புகிறது. எதிரி இல்லாத இடத்தில் போர் மூள்கிறது. லூபஸ் நோயிலும் முடக்குவாதத்திலும் இந்தப் போருக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் சேர்ந்திருக்கின்றன.

மும்பையில் டாடா மையத்தின் அறுவை சிகிச்சை நிபுணரான இந்திரநீல் மித்ரா இன்னும் ஒரு படி மேலே போனார். இப்படி மிதக்கும் துண்டுகள் அழற்சியைத் தூண்டுவதோடு நிற்பதில்லை, நல்ல செல்களுக்குள் புகுந்து அவற்றின் டி.என்.ஏ.வையும் சேதப்படுத்துகின்றன என்று 2015 முதல் அவரது குழு வெளியிட்டுவரும் கட்டுரைகள் சொல்கின்றன. அப்படியானால் புற்றுநோய் செல்லைக் கொல்லும் சிகிச்சையே அடுத்த புற்றுநோய்க்கு விதை தூவுகிறதா? இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் ஒதுக்கித் தள்ளிவிடக் கூடிய கருத்தும் இல்லை.

இந்தத் துண்டுகளை அள்ளுவதற்கு மித்ரா முதலில் நாடிய இடங்களில் ஒன்று திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஒரு வகைப் பூஞ்சை தயாரிக்கும் புல்லுலான் என்ற சர்க்கரைப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதனுடன் ஹிஸ்டோனைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை இணைத்து நானோ துகளாக்கினார்கள். ஹிஸ்டோன் என்பது டி.என்.ஏ. நூல் சுற்றப்பட்டிருக்கும் கண்டு. கண்டைப் பிடித்தால் நூலும் கூடவே வந்துவிடும். 2013-ல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து இதை வெளியிட்டன. பின்னர் எலிகளுக்கு கீமோதெரபியின் நச்சு விளைவுகள் குறைவதையும் மும்பைக் குழு காட்டியது. 100 ரூபாய் மாத்திரை இந்த நானோ துகளின் ஏழைத் தம்பி என்று சொல்லலாம். அதில் இருப்பவை திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும் துளி தாமிரமும்தான். இரண்டும் சேரும்போது பிறக்கும் மூர்க்கமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் டி.என்.ஏ. துண்டுகளை நறுக்கிவிடுகின்றன.

துடைப்பம் எதற்காக நானோ அளவில் இருக்க வேண்டும்? கணக்கு எளிமையானது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கன சதுரக் கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். சென்னைக்காரர்களின் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல். ஒட்டிக்கொள்ளும் வேலைக்குப் பரப்புதான் மூலதனம். தவிர, சிவப்பணுவின் குறுக்களவே 7,000 நானோமீட்டருக்கு மேல் இருப்பதால், இந்தத் துணுக்குகள் எந்த நுண்குழாயிலும் அடைத்துக்கொள்ளாமல் போய்வர முடியும்.

வெளிநாட்டு முயற்சிகளில் ஒன்றின் தொடக்கம் சுவாரஸ்யமானது. நோயாளியின் செல்லுக்குள் புதிய மரபணுவைக் கொண்டு சேர்ப்பதற்காக நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமர்களைப் பல காலம் சோதித்துவந்தவர் அமெரிக்க விஞ்ஞானி காம் லியோங். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது; எனவே இரண்டும் இரும்பும் காந்தமும் போல ஒட்டிக்கொள்ளும். சுமந்து செல்வதற்குப் பதிலாகப் பிடித்து வைத்துக்கொள்ள இதே பாலிமரைப் பயன்படுத்தினால் என்ன? டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் சல்லெஞ்சருடன் சேர்ந்து அவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அழற்சியைத் தூண்டும் டி.என்.ஏ.வால் கல்லீரல் சிதைந்து சாக வேண்டிய எலிகள் பிழைத்துக்கொண்டன. 2018-ல் சீனாவின் சுன் யாட்-சென் பல்கலைக்கழகமும் லியோங்கும் சேர்ந்து, முடக்குவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இத்தகைய நானோ துகள்களைக் கொடுத்தார்கள். மூட்டு வீக்கம் தணிந்தது, எலும்பு அரிப்பும் குறைந்தது.

சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியாங்பாங் ஜாங் தேர்ந்தெடுத்தது வேஷம் போடும் உத்தி. கரைந்துபோகும் பிளாஸ்டிக் உருண்டைக்குச் சிவப்பணுவின் தோலை உரித்துப் போர்த்தினார். சிவப்பணுவைத் துளைக்க வரும் பாக்டீரியா நச்சு, இந்தப் பொய் அணுவைத் துளைக்கப் போய் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. நானோ ஸ்பாஞ்ச் என்று பெயர் பெற்ற இந்தத் துகளை 2013-ல் அறிவித்தபோது அவர் தந்த கணக்கு கவனிக்க வேண்டியது. சாகடிக்கும் அளவு நச்சுக்கு முன்னதாக ஸ்பாஞ்சைப் பெற்ற எலிகளில் 89 சதவீதம் பிழைத்தன. நச்சு ஏறிய பிறகு பெற்றவற்றில் 44 சதவீதம்தான். துடைப்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எப்போது பெருக்குகிறோம் என்பது பாதி விஷயம்.

அழற்சியைத் தணிப்பதற்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்று கேட்கலாம். புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளையணுக்கள் மொய்ப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ப் விர்ஷோ 19-ம் நூற்றாண்டிலேயே கவனித்தார். ஆறாத புண்ணும் அடங்காத அழற்சியும் புற்றுக்கு உரம் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. நேரடியான சான்று 2017-ல் வந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 10,061 பேரிடம், இன்டர்லூகின்-1 என்ற அழற்சி மூலக்கூறை மட்டும் பிடித்து ஒதுக்கும் மருந்து சோதிக்கப்பட்டது. இதயத்துக்காக நடந்த அந்தச் சோதனையில், மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோயும் குறைந்திருந்தது.

மிதக்கும் டி.என்.ஏ.வுக்கும் புற்று பரவுவதற்கும் உள்ள தொடர்பும் துலங்கிவருகிறது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணு தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசி பாக்டீரியாவைப் பிடிக்கிறது என்று 2004-ல் பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் கண்டறிந்தது. அதே வலை, அலைந்து திரியும் புற்றுநோய் செல்லுக்குத் தொட்டிலாகவும் ஆகிவிடுகிறது. 2016-ல் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடம், டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைப் பூசிய நானோ துகள்களை எலிகளுக்குச் செலுத்தியது. மார்பகப் புற்று நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனிதான் பில் வருகிறது.

மேலே சொன்ன இதய நோயாளிகளின் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: மருந்து பெற்றவர்களிடையே தொற்று நோயால் இறந்தவர்கள் அதிகம். இதய நோய்க்கு அந்த மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சையாகவே அதைப் பின்னர் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. வருமுன் தடுப்பதாகத் தோன்றிய மூலக்கூறு நீக்கம், வந்தபின் விரட்டப் போதவில்லை.

இந்தியர்கள் மறக்கக் கூடாத உதாரணம் டிஎன்எப் என்ற மூலக்கூறு. எலிகளின் கட்டிகளைக் கருக வைத்ததால் 1975-ல் நியூயார்க் விஞ்ஞானிகள் அதற்குக் கட்டி கருக்கும் காரணி என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்தால் நண்பன். ஆனால் முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கும் முக்கியக் குற்றவாளி அதுதான் என்று காட்டினார்கள் லண்டனில் பணியாற்றிய மார்க் பெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். 1992-ல் அவர்கள் டிஎன்எப்பைப் பிடித்து ஒதுக்கும் எதிர்ப்புப் புரதத்தை முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நடக்க முடியாமல் கிடந்தவர்களுக்குப் புது வாழ்வு தந்த மருந்து வகை அப்படித்தான் பிறந்தது. குற்றவாளியைப் பிடித்து ஒதுக்கினால் நோய் தணியும் என்ற கொள்கையின் மிகப் பெரிய வெற்றி அது.

2001-ல் மறுபக்கம் தெரிந்தது. அந்த மருந்தைப் பெற்ற 70 பேருக்கு காசநோய் வந்திருப்பதாக அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள். காசநோய்க் கிருமியை நுரையீரலில் சிறை வைத்திருக்கும் சுவருக்கு டிஎன்எப்தான் காரை. மூட்டுக்காக அதைத் துடைத்ததில் சிறைச்சுவர் இடிந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். இந்த மருந்தைத் தொடங்கும் முன் நோயாளிக்குள் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர்கள் துருவிப் பார்ப்பது இதனால்தான்.

நானோ துடைப்பங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். புற்றுக்குத் தொட்டிலாகும் டி.என்.ஏ. வலை, தொற்று வந்தால் அரண். அதை எந்த நாளில் அறுப்பது? உடலுக்கு வெளியே துடைப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பாக்டீரியாவின் நச்சை உறிஞ்சும் இழைகள் நிரம்பிய உருளை வழியாக ரத்தத்தைச் செலுத்திச் சுத்தப்படுத்தும் முறை ஜப்பானில் 1994 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. வட அமெரிக்காவில் செப்சிஸ் நோயாளிகள் 450 பேரிடம் அதைச் சோதித்து 2018-ல் முடிவு வெளியானபோது, 28 நாட்களில் நேர்ந்த மரணங்கள் குறையவில்லை என்று தெரிந்தது. நச்சை எடுத்தார்கள். ஆனால் நச்சு மூட்டிய தீ அதற்குள் வேறு கூரைகளுக்குத் தாவிவிட்டது.

ஆக்ஸிஜன் விஷயத்தில் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. முகேஷின் குழு, வனேடியம் பென்டாக்சைடை நானோ கம்பிகளாக்கி, அவை உடலின் இயற்கை நொதியைப் போலவே செல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தணிக்கின்றன என்று 2014-ல் காட்டியது. சாதாரண வடிவில் நச்சான பொருள், நானோ வடிவில் காவலன். பெங்களூர் தணிக்க விரும்பும் இந்த ஆக்ஸிஜன் மூர்க்கத்தைத்தான் மும்பை தன் மாத்திரை மூலம் வேண்டுமென்றே உண்டாக்குகிறது. இரண்டு பேரும் தப்பில்லை. எந்த இடத்தில், எந்த அளவில் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பின்லாந்து சாட்சி. அங்கே புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், ஆக்ஸிஜன் மூர்க்கத்தை அடக்கும் பீட்டா கரோட்டினைப் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகரித்தது. 1994-ல் வந்த அந்த முடிவு உலகையே திடுக்கிட வைத்தது. 20 ஆண்டுகள் கழித்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் எலிகளில் ஒரு விளக்கம் கண்டார்கள்: இத்தகைய பொருள்கள் நல்ல செல்லைக் காப்பது போலவே புற்றுநோய் செல்லையும் காப்பாற்றிவிடுகின்றன.

கடைசியாக, துடைப்பத்தை யார் துடைப்பது? டி.என்.ஏ.வை ஈர்க்கும் நேர்மின்னூட்டம், செல்லின் தோலையும் ஈர்க்கும். அளவு மிஞ்சினால் அதைக் கிழிக்கும். ரத்தத்தில் சேரும் நானோ துகள்களில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்குகிறது. மாதக்கணக்கில் சிகிச்சை பெற வேண்டிய முடக்குவாத நோயாளிக்கு இது சின்ன விஷயமில்லை. எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம். அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத கேள்வி இது.

எனவே 100 ரூபாய் மாத்திரை என்ற வார்த்தையைக் கேட்டதும் கடைக்கு ஓடுவது ஆபத்து. ரெஸ்வெரட்ரால் குப்பிகள் சத்து மாத்திரை என்ற பெயரில் தாராளமாகக் கிடைக்கின்றன. தாமிரச் செம்பில் ஊற்றி வைத்த தண்ணீரோடு அதை விழுங்கினால் மும்பை மருந்து கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கலாம். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளிகள் 25 பேரிடம் இந்தக் கலவையைச் சோதித்து மும்பைக் குழு 2022-ல் முடிவை வெளியிட்டது. கீமோதெரபியின் வாய்ப்புண் கொடுமை குறைவதற்கான அறிகுறி தெரிந்தது. அதில் குறைந்த அளவில் சேர்க்கப்பட்ட தாமிரம் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அளவு மாறினால் விளைவும் மாறும். 25 பேர் என்பதும் தொடக்கமே தவிரத் தீர்ப்பு இல்லை.

2022-ம் ஆண்டின் சர்வதேசக் கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் 14 லட்சம் பேர். இறந்தவர்கள் 9 லட்சத்துக்கும் அதிகம். மலிவான மருந்துக்காக இவ்வளவு பேர் காத்திருக்கும் நாட்டில் அந்த யோசனையைக் கேலி செய்வது எளிது, கொண்டாடுவது அதைவிட எளிது. இரண்டும் வேண்டாம். மும்பையும் திருவனந்தபுரமும் பெங்களூரும் கண்டதை, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம், பலன் இல்லாத மாத்திரையோடு ஒப்பிட்டு, பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதிக்க வேண்டும். காப்புரிமை லாபம் இல்லாத 100 ரூபாய் மாத்திரைக்காக எந்த மருந்து கம்பெனியும் அந்தச் செலவைச் செய்ய முன்வராது. அரசாங்கம்தான் செய்ய வேண்டும்.

அதுவரை நோயாளிகள் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. துடைக்கப் போகும் மூலக்கூறு, நோயை வளர்ப்பது தவிர உடலில் வேறு என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?